உரக்கடையில் விரல்ரேகை யந்திரம்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் கூட்ஸ் வண்டியிலிருந்து யூரியா மூட்டைகள் இறங்குவதை இப்பக்கத்துக் குடியானவர்கள் பலரும் கண்டிருப்பர். முன்னாளில், மூட்டை ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தவுடனேயே சர்க்கார் மானியத்தின் பெரும்பகுதி உரக் கம்பெனிக்குக் கிடைத்துவிடும். அதன் பின்னர் அது வயலுக்குப் போயிற்றா, வேறு தொழிற்சாலைக்குப் போயிற்றா என்று கண்டறிவது எளிதன்று. 2016-ல் சில ஜில்லாக்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2018-ல் தேசமெங்கும் அமுலுக்கு வந்த ஏற்பாட்டின்படி, சில்லறைக் கடையிலுள்ள யந்திரத்தில் விற்பனை பதிவான பிறகே மானியம் கொடுபடுகிறது.

யந்திரம் கையடக்கமானது. கடைக்காரர் அதைத் திறந்து, வாங்குவோரின் ஆதார் எண்ணைக் குறித்து, விரல்ரேகையை வாங்கிக்கொண்டு, உரத்தின் பெயரையும் மூட்டைகளின் தொகையையும் பதிந்தால் ரசீது வெளிவருகிறது. கணக்கோ கடையில் தங்குவதில்லை. இன்டர்நெட் வழியாகத் தொலைவிலுள்ள பொதுக் கணிப்பொறிக்குச் சென்றுவிடுகிறது. இவ்விதம் கணக்கைத் தூரத்தில் வைத்தாளும் முறையை வியாபாரிகள் ‘கிளவுட்’, அதாவது மேகம், என்பர். ஐப்பசி மேகத்தை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு இப்பெயர் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம்.

இதில் குடியானவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மூட்டை கடையைவிட்டுப் போனாலும், யந்திரத்தில் பதியாதவரையில் அது இருப்பிலேயே உள்ளதாகக் கணக்குக் காட்டும். சம்பா நடவு முடிந்து மேலுரமிடும் சமயத்தில், ஒரு கடைக்காரர் அவசரத்தினாலோ, இன்டர்நெட் கிடைக்காமையாலோ, இருபது மூட்டைகளை நோட்டில் மட்டும் எழுதி விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கிடங்கு காலி, கணக்கிலோ இருபது மூட்டை இருப்பு. இப்படிப் பல கடைகளில் நேர்ந்தால், அடுத்த ஒதுக்கீட்டைத் தீர்மானிப்போர், “அங்கே உரம் இருக்கிறதே” என்று எண்ண ஏதுவாகும். பயிர் வெளுத்து நிற்கையில் அக்கணக்கினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

மற்றொரு தீங்கு, பிறர் வாங்கிய மூட்டைகளுக்கு ஒருவர் விரல் வைப்பது. விரல்ரேகை கையெழுத்துக்குச் சமானம். அளவுக்கு மிஞ்சி யூரியா வாங்கியோரின் ஜாபிதாவை ஜில்லாவாரியாக எடுத்து அதிகாரிகள் விசாரிப்பதுண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பேரில் ஐம்பது மூட்டை காணப்பட்டால், பதில் சொல்லவேண்டியவர் அவரே. ஆகையால், “விரலை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்னும் பேச்சுக்கு இணங்கலாகாது. திண்டிவனம் பக்கத்து நிலக்கடலைச் சாகுபடிக்காரர் இதில் பின்னும் ஜாக்கிரதையாயிருப்பது நலம்; வேரிலுள்ள முடிச்சுகளால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் அப்பயிருக்கு நெல்லைப்போல் யூரியா தேவையில்லையாதலால், அவர் பேரில் மிகுதியான மூட்டைகள் இருப்பது உடனே கண்ணில் படும்.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரி உட்பட, 266 ரூபாய் 50 காசு என 2018 முதல் இருந்துவருகிறது. ரசீதிலுள்ள விலையையும் கொடுத்த பணத்தையும் அங்கேயே ஒத்துப்பார்க்கவேண்டும். இருப்பும் விலையும் எழுதிய பலகையைக் கடையில் தெரியும்படி வைப்பதும், ரசீது கொடுப்பதும் 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி கடைக்காரரின் கடமை. கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல.

மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் பதிவதில்லை. கையைக் கழுவித் துடைத்து, வேறு விரல்களையும் வைத்துப் பார்க்கலாம். வயோதிகர் ஒருவர் இதனால் உரமின்றித் திரும்ப நேர்ந்தால், கிராம அதிகாரிகள் அவ்விஷயத்தை வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்குத் தாமதமின்றித் தெரிவிக்கவேண்டும். பலகைக்கும் கிடங்குக்கும் வித்தியாசம் தென்பட்டாலும், ரசீதுடன் அங்கேயே முறையிடலாம்.