பனிச்சாலையில் ஊர்தி ஓட்டுதல்

பனிச்சாலையில் ஊர்தி ஓட்டுதல் என்பது வெண்பனியோ பனிக்கட்டியோ படிந்துள்ள சாலையில், சிறப்பாக உயர்ந்த மலைச்சாலைகளில், ஊர்தியைப் பாதுகாப்பாகச் செலுத்தும் முறையைக் குறிக்கும். இந்தியாவில் ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம், சிக்கிம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இமயமலைப் பகுதிகளில் இது குளிர்காலத்தில் தேவைப்படுகின்றது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இதற்குத் தேவை எழுவதில்லை. ஆயினும், சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வட மாநிலங்களுக்குச் செல்லும் சரக்குந்து ஓட்டுநர்களுக்கும், பனிச்சறுக்கு இடங்களுக்குச் சொந்த ஊர்தியில் செல்லும் பயணிகளுக்கும் இம்முறையை அறிந்திருப்பது இன்றியமையாதது ஆகும்.

சொற்பொருள்

தமிழில் பனி என்ற சொல் பல பொருள்களில் வழங்குகின்றது. சேலம், நாமக்கல் சமவெளிகளில் மார்கழி, தை மாதங்களில் பெய்வதாகச் சொல்லப்படும் பனி, இரவில் புல்லின் மீது படியும் நீர்த்துளியே ஆகும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சாலையை மறைப்பது மூடுபனி ஆகும். இது தரையை ஒட்டிய மேகம் போன்றது. இவ்விரண்டும் நீர்த்துளிகளாலானவை; உறைந்தவை அல்ல. இமயமலையில் வானிலிருந்து விழுவது வெண்பனி. அது ஊர்திகளின் எடையால் இறுகியும், பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்தும் பனிக்கட்டியாகின்றது. மூடுபனி ஓட்டுநரின் பார்வையைக் குறைக்கின்றது. வெண்பனியும் பனிக்கட்டியும் சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கின்றன.

சேலம், நாமக்கல் பகுதியுடனான தொடர்பு

இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலையான தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகின்றது. 2010ஆம் ஆண்டில் நெடுஞ்சாலை எண்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, ஜம்மு வழியாகச் சென்ற பழைய 1ஏ, தெற்கே கன்னியாகுமரி வரை சென்ற பழைய 7 முதலிய நெடுஞ்சாலைகளின் பகுதிகளை இணைத்து இவ்வெண் வழங்கப்பட்டது. பெங்களூர், ஒசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வரும் இச்சாலை சேலம், நாமக்கல் நகரங்களை ஒட்டிக் கரூர் நோக்கிச் செல்கின்றது. எனவே சேலத்திலிருந்து வடக்கே செல்லும் ஊர்தி, 3,000 கி.மீ.க்கு மேல் இதே எண்ணுள்ள சாலையில் சென்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கை அடைய முடியும்.

நாமக்கல் சரக்குந்துத் தொழிலுக்கும் அவற்றிற்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஊர்திகளுக்குப் பெயர் பெற்றது. சங்ககிரியிலும் சரக்குந்து உரிமையாளர்கள் மிகுதி. இவ்வூர்களின் ஊர்திகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் இயங்குகின்றன.

உள்ளூர் மலைச்சாலைகளுடன் ஒப்பீடு

இப்பகுதி ஓட்டுநர்களுக்கு மலைச்சாலை புதிதன்று. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் உள்ளன. இச்சாலைகளில் பின்பற்றப்படும் சில பழக்கங்கள் பனிச்சாலைக்கும் பொருந்தும். அவையாவன:

- ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்குதல்.
- குறுகிய இடத்தில் ஏறி வரும் ஊர்திக்கு வழிவிட்டு நிற்றல்.
- வளைவில் முந்தாதிருத்தல்.

ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. கொல்லிமலையில் இறங்கும் ஊர்திக்கு ஏற்படும் முதன்மையான இடர், தொடர்ந்து மிதிக்கப்பட்ட பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பதாகும். பனிச்சாலையில் பிரேக் நல்ல நிலையில் இருந்தாலும், சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு இல்லாமையால் ஊர்தி நிற்பதில்லை. சக்கரம் சுழலாமல் நின்றுவிட, ஊர்தி சறுக்கிக்கொண்டே செல்லும். அந்நிலையில் திசைமாற்றியைத் திருப்பினாலும் ஊர்தி திரும்பாது. ஆகவே மலைச்சாலையில் பழகிய கை, பனிச்சாலையில் சிலவற்றைப் புதிதாகக் கற்கவேண்டியுள்ளது.

உராய்வும் நிற்கும் தொலைவும்

பிரேக் பிடித்தபின் ஊர்தி நிற்கும் தொலைவு, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உராய்வுக் குணகத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் சுமார் 0.7 ஆகும். இறுகிய வெண்பனியில் சுமார் 0.2 ஆகவும், பனிக்கட்டியில் சுமார் 0.1 ஆகவும் குறைகின்றது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் செல்லும் ஊர்திக்கு இக்கணக்கின்படி நிற்கும் தொலைவு பின்வருமாறு:

- உலர்ந்த சாலை: சுமார் 9 மீட்டர்
- இறுகிய வெண்பனி: சுமார் 31 மீட்டர்
- பனிக்கட்டி: சுமார் 63 மீட்டர்

ஓட்டுநர் இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகுமெனின், அதற்குள் ஊர்தி மேலும் 11 மீட்டர் சென்றிருக்கும். இறக்கத்தில் இத்தொலைவுகள் இன்னும் கூடும். வேகத்தை 40இலிருந்து 20 கி.மீ. ஆகக் குறைத்தால் நிற்கும் தொலைவு நான்கில் ஒன்றாகக் குறையும். பனிச்சாலையில் ஓட்டுநரின் கையில் உள்ள மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே.

சாலையின் நிறத்திலேயே தோன்றும் மெல்லிய பனிக்கட்டிப் படலம் கரும்பனி எனப்படுகின்றது. இது ஈரமான சாலை போலவே காணப்படுவதால் மிகவும் ஆபத்தானது. வெயில் படாத வளைவுகளிலும், கீழேயும் காற்று புகும் பாலங்களிலும், சுரங்கப்பாதை வாயில்களிலும் இது மிகுதியாக உண்டாகின்றது. விடியற்காலையும் கதிரவன் மறைந்த பின்னரும் இதற்குரிய நேரங்கள் ஆகும்.

ஊர்தியை ஆயத்தம் செய்தல்

வெப்பமான சமவெளிக்கு ஏற்றவாறு வைக்கப்பட்ட ஊர்தி உறைநிலைக்குக் கீழே பலவகையில் பழுதடையலாம்.

- குளிர்விப்பு நீர்: வெறும் நீர் ஊற்றப்பட்ட ரேடியேட்டர் ஆபத்தானது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் இயந்திரமே விரிசல் காணக்கூடும். நீருடன் எத்திலீன் கிளைக்காலைச் சம அளவில் கலந்த கலவை சுமார் -37 °C வரை உறைவதில்லை.
- டீசல்: கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைக்கும். தெற்கில் நிரப்பிய டீசலுடன் மலை ஏறாமல், அப்பகுதியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. லடாக் பகுதிக்கென -33 °C வரை உறையாத குளிர்கால டீசலை 2019ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அறிமுகப்படுத்தியது.
- காற்று பிரேக்: காற்றுத் தொட்டியில் தேங்கும் நீர் உறைந்து குழாயை அடைக்கலாம். நாள்தோறும் அதனை வெளியேற்றவேண்டும்.
- மின்கலம்: குளிரில் அதன் திறன் குறைகின்றது, அதே வேளையில் இயந்திர எண்ணெய் கெட்டியாவதால் இயக்கிவைக்க மிகுந்த மின்சாரம் தேவைப்படுகின்றது.
- பனிச்சங்கிலி: இயந்திரத்தின் விசையைப் பெறும் சக்கரங்களில் இதனைக் கட்டவேண்டும். சரக்குந்துகளில் இவை பின்சக்கரங்கள். பல சிற்றுந்துகளில் முன்சக்கரங்கள். பொதுவாக மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் செல்லலாகாது. பனியற்ற சாலையை அடைந்தவுடன் கழற்றிவிடவேண்டும். கட்டும் முறையைச் சமவெளியிலேயே பழகிக்கொள்ளுதல் வேண்டும்.

ஓட்டும் முறை

பனியில் எச்செயலும் மெதுவாகவும் ஒன்றன்பின் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். வளைவுக்கு முன்பே, நேரான சாலையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் செல்வதே முறையாகும். புறப்படும்போது சக்கரம் வீணாகச் சுழன்றால் இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்தலாம். ஏற்றத்தில் பாதியில் நின்றால் மீண்டும் புறப்படுவது கடினம். எனவே முன்னே செல்லும் ஊர்தி ஏறி முடிக்கும்வரை கீழே காத்திருப்பது சிறந்தது. இறக்கத்தில் தாழ்ந்த கியரை முன்கூட்டியே இட்டுக்கொள்ளவேண்டும்; சறுக்கும் இடத்தில் திடீரெனக் கியரைக் குறைத்தால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கலாம்.

ஊர்தியின் பின்பகுதி ஒருபக்கம் சறுக்கினால், பிரேக்கை விட்டுவிட்டு, செல்லவேண்டிய திசையை நோக்கித் திசைமாற்றியைத் திருப்பவேண்டும். இரவில் நிறுத்தும்போது கைப்பிரேக் ஈரத்தால் உறைந்து இறுகிக்கொள்ளக்கூடும். கியரில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை வைப்பது அங்குள்ள வழக்கம்.

ஜம்மு - ஸ்ரீநகர் - குல்மார்க் சாலை

பள்ளத்தாக்கிற்குச் செல்லும் இச்சாலையில் குளிர்காலத் தடைகளைச் சுரங்கப்பாதைகள் பெரிதும் குறைத்துள்ளன. 1956ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜவாகர் சுரங்கப்பாதைக்கு மாற்றாக, அதனினும் தாழ்வாக அமைந்த 8.45 கி.மீ. நீளப் பனிகால் - காசிகுண்ட் சுரங்கப்பாதை 2021ஆம் ஆண்டில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பத்னிடாப் மலையைத் தவிர்க்கும் சுமார் 9 கி.மீ. நீளச் செனானி - நஷ்ரி சுரங்கப்பாதை 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆயினும் ராம்பன் - பனிகால் பகுதியில் மண்சரிவும் கல்வீழ்ச்சியும் தொடர்கின்றன. அத்தகைய நாட்களில் சாலை மூடப்படுகின்றது. அல்லது கனரக ஊர்திகள் ஒருவழியாக மட்டும் விடப்படுகின்றன. எனவே புறப்படுமுன் போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பை அறிந்துகொள்ளவேண்டும்.

டிசம்பர் 21 முதல் சுமார் 40 நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவம் காஷ்மீரில் சில்லாய் கலான் எனப்படுகின்றது. பனிச்சறுக்குக்குப் புகழ்பெற்ற குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. இதன் இறுதி 13 கி.மீ. தங்மார்க்கிலிருந்து ஏறும் மலைச்சாலை ஆகும். பனிப்பொழிவுக் காலத்தில் சங்கிலி கட்டிய ஊர்திகளோ நான்கு சக்கர இயக்க ஊர்திகளோ மட்டுமே இதில் அனுமதிக்கப்படுகின்றன. சொந்த ஊர்தியைத் தங்மார்க்கில் நிறுத்திவிட்டு, உள்ளூர் ஓட்டுநரின் ஊர்தியில் ஏறுவது பயணிகளின் வழக்கமாகும்.

பனியில் சிக்கிக்கொள்ளுதல்

பனிப்புயலில் சிக்கிய ஊர்தியில் உயிரிழப்பு குளிரினால் மட்டும் நிகழ்வதில்லை. வெப்பத்திற்காக இயந்திரத்தை இயக்கிவைக்கும்போது, புகைபோக்கியைப் பனி மூடியிருந்தால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வளிமம் உள்ளே புகுந்து உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் பாக்கிஸ்தானின் மலைநகரான மரீ அருகே, பனிப்பொழிவைக் காணச் சென்று சாலையில் சிக்கிய ஊர்திகளில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்வளிமமும் அவ்விறப்புகளுக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

இவ்வாறு சிக்கினால் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்றவேண்டும். சாளரத்தைச் சிறிது திறந்துவைத்து, இயந்திரத்தை இடைவிட்டுச் சிறிது நேரமே இயக்கவேண்டும். கண்ணுக்குப் புலப்படும் தொலைவில் தங்குமிடம் இல்லாவிடில் ஊர்தியை விட்டு நடந்து செல்லலாகாது. கம்பளி, குடிநீர், உணவு, மண்வெட்டி, கைவிளக்கு ஆகியன ஊர்தியில் எப்போதும் இருத்தல் வேண்டும். சாலை மூடப்பட்டுள்ள நாளில் புறப்படாமல் கீழேயே தங்கிவிடுவது, மேற்கூறிய எல்லா முறைகளினும் பாதுகாப்பானது ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கொண்டை ஊசி வளைவு
- கொல்லிமலை
- ஏற்காடு
- தேசிய நெடுஞ்சாலை 44
- குல்மார்க்