மங்கிய எழுத்தை மீட்கும் மென்பொருள்

மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூரை அடுத்து அமைந்துள்ள அணுசக்தி நகரில் அணுசக்தித் துறையின் ஊழியர்கள் குடும்பங்களுடன் வசிக்கின்றனர். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் பணியின் பொருட்டு வந்தவர்கள் இவர்கள். இத்தகைய குடியிருப்புகளில், அலமாரியின் அடித்தட்டிலோ தகரப் பெட்டியிலோ சொந்த ஊரின் கிரயப் பத்திரமும், பாட்டனார் கைப்பட எழுதிய பாகப்பிரிவினைப் பட்டியலும் கிடப்பது இயல்பு. கடற்கரை நகரின் ஈரக் காற்று அவற்றுக்குப் பகை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, நகரெங்கும் நீரில் மூழ்கிய பொருள்களில் இத்தகைய காகிதங்களும் அடங்கும். எழுத்து மங்கிய பத்திரம், நிலத்தின் எல்லையைச் சொல்ல இயலாத பத்திரமாகிவிடுகிறது.

படங்களைத் திருத்தும் கணிப்பொறி மென்பொருள்கள் இத்துறையில் பெரிதும் உதவுகின்றன. 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளும் பலரும் அறிந்தவை. ஆனால் அவை எதைச் செய்கின்றன, எதைச் செய்யக் கூடாது என்பது பரவலாக உணரப்படவில்லை.

உடுப்பி ஏடுகள்

இம்முறைக்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. மத்வாச்சாரியாரின் 36 நூல்களைக் கொண்ட சர்வமூல கிரந்தங்களின் ஓலைச்சுவடி ஒன்று உடுப்பியில் உள்ள மடம் ஒன்றில் இருக்கிறது. சுமார் 700 ஆண்டுப் பழமையுடைய இச்சுவடியில் 340 ஏடுகள். ஒவ்வொன்றும் 26 அங்குல நீளம், 2 அங்குல அகலம். ஏடுகளின் ஓரங்கள் உடைந்திருந்தன. பாதுகாக்கும் நல்லெண்ணத்துடன் எவரோ பூசிய எண்ணெயே அவற்றைக் கரும்பழுப்பாக்கி எழுத்தை மறைத்துவிட்டது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் பி. ஆர். முகுந்த், ரோஜர் ஈஸ்டன், அவர்களுடன் இணைந்த கீத் நாக்ஸ் ஆகியோர் 2005 டிசம்பரில் சுவடியைப் பார்வையிட்டனர். 2006 ஜூனில் மீண்டும் வந்து, ஆறு நாள்களில் அகச்சிவப்பு வடிகட்டி பொருத்திய கேமராவால் ஏடுகளைப் படமெடுத்தனர். ஒவ்வொரு ஏட்டின் இரு பக்கங்களும் பல துண்டுகளாக எடுக்கப்பட்டு, கணிப்பொறியில் ஒட்டப்பட்டன. மொத்தம் 7,900 படங்கள் போட்டோஷாப் வழியாகவும், நாக்ஸ் தாமே எழுதிய மென்பொருள் வழியாகவும் செப்பம் செய்யப்பட்டன. ஈஸ்டனும் நாக்ஸும், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே பிரார்த்தனை நூல் எழுதப்பட்ட ஆர்க்கிமிடிஸ் கையெழுத்துப் பிரதியைப் படித்தறிய உழைத்தவர்கள். அங்கு கைகொடுத்த கருவிகளே இங்கும் பயன்பட்டன. முடிவில் படங்கள் சிலிக்கான் தகடுகளிலும் பொறிக்கப்பட்டன. ஒரு தகட்டுக்கு மூன்று ஏடுகள் வீதம் நூறுக்கும் மேற்பட்ட தகடுகள் தேவைப்பட்டன.

இங்கு நிகழ்ந்ததை மாயம் என்று கருதலாகாது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோடுகளில் புகைக்கரியைத் தடவுவது மரபு. கரி அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். பழுத்த ஓலையோ அதைத் திருப்பி அனுப்பும். எனவே கண்ணுக்குக் கருமையில் கருமையாகத் தெரிவது, கேமராவுக்கு வெளிர்ந்த ஓலையில் கறுத்த எழுத்தாகத் தெரிகிறது. எழுத்து அங்கே இருந்தது. அதைக் காணும் ஒளிதான் வேறு.

மையை அறிதல்

காகித ஆவணங்களில் நிலைமை மாறுபடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையும், பழைய அலுவலகங்களின் நீலக் கருப்பு மையும் இரும்பை அடிப்படையாகக் கொண்டவை. இவை அகச்சிவப்பில் தெளிவடைவதற்கு மாறாக மறைந்தே போகக்கூடும். உடுப்பியில் வென்ற வழி கிராமக் கணக்குப் புத்தகத்தில் தோற்கும் என்பதால், மை எது என்று அறிவதே முதல் வேலை.

வண்ணப் படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று தனிப் படங்களின் சேர்க்கை ஆகும். மென்பொருள் இவற்றைப் பிரித்துக் காட்டும். ஈரத்தால் உண்டான பழுப்புக் கறை சிவப்புப் படத்தில் ஏறக்குறைய மறையும். கரி மையில் எழுதியது அங்கே தெளிவாக நிற்கும். துருநிறமாக வெளுத்த இரும்பு மை நீலப் படத்தில்தான் அழுத்தமாகத் தெரியும். கறையும் மையும் ஒரே பழுப்பாக இருக்கும்போது ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பதுண்டு. பின்பக்க மை ஊறி முன்பக்கத்தில் தெரிந்தால், பின்பக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, முன்பக்கத்தின் மேல் பொருத்திக் கழிக்கலாம். பொறுமை வேண்டிய வேலைதான். ஆயினும் சாதாரண அலுவலகக் கணிப்பொறியே இதற்குப் போதும்.

இதுவரை கூறியவை எல்லாம் காகிதத்தில் எஞ்சியிருப்பதை எடுத்துக்காட்டும் வழிகள். இதே மென்பொருளில் வேறு கருவிகளும் உள்ளன. ஓரிடத்தின் படத்தை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுவது, கிழிசலைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்புவது போன்றவை அவை. திருமணப் புகைப்படத்தின் கீறலை அழிக்க இவை ஏற்றவை. பத்திரத்தில் பயன்படுத்தினால், இல்லாத எழுத்தை உண்டாக்குவதில் முடியும். அண்மைக் காலச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஓட்டையை மிக அழகாக நிரப்புகின்றன. அந்த அழகே ஐயத்துக்குரியது.

தவறு எவ்வளவு எளிதில் நுழையும் என்பதற்கு 2013இல் ஒரு சான்று கிடைத்தது. டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணிப்பொறியாளர், சில ஜெராக்ஸ் நகலெடுப்புக் கருவிகள் வருடிய பக்கங்களில் 6 என்னும் எண் 8 ஆக மாறியிருப்பதைக் கண்டார். கோப்பைச் சிறிதாக்கும் பொருட்டு, ஒன்றுபோல் தோன்றிய எழுத்துகளைக் கருவி ஒன்றுக்கொன்று மாற்றி வைத்திருந்தது. மாறிய எண் மங்கலாக இல்லை, பளிச்சென்றே இருந்தது! சர்வே எண்ணில் இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை வருவாய்த் துறையினருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதலில் எடுத்த படம், எவ்வகைத் திருத்தமுமின்றி, விவரம் இழக்காத டிஃப் வடிவில் தனியே காக்கப்பட வேண்டும். திருத்தங்கள் அனைத்தும் நகலில் மட்டுமே செய்யப்பட வேண்டும். எந்த வரிசையில் என்ன செய்யப்பட்டது என்னும் குறிப்பும் உடன் இருக்க வேண்டும். கிழிந்த இடம் கிழிந்ததாகவே தெரியட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழைக் கோருகிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கைரேகைபோல் அக்கோப்புக்கே உரிய எண்ணும், இடம்பெறுகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். தெளிவாக்கிய படம் படிப்பதற்குத் துணை; மூலத்தின் இடத்தை அது பெறாது. முப்பதாண்டுப் பழமையுள்ள ஆவணம் உரியவர் காவலிலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்னும் சலுகையும் மூலத்தைச் சார்ந்ததே. படமெடுத்தாயிற்று என்று மூலத்தைக் கழித்துவிடும் அலுவலகங்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

2025-26ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை உள்ளடக்க எண்ணுகிறது. இத்தனை பெரிய பணியில் கேமராவும் கணிப்பொறியும் கிடைப்பது அரிதன்று. படிப்பவர்கள் கிடைப்பதே அரிது. மராட்டா சமூகத்தினருக்குக் குன்பிச் சாதிச் சான்று வழங்குவதற்கான பழைய ஆதாரங்களைத் தேட மகாராஷ்டிர அரசு 2023இல் நீதிபதி சிண்டே குழுவை அமைத்தபோது, மோடி எழுத்தில் அமைந்த பதிவேடுகளைப் படிக்க வல்லவர்கள் தேவைப்பட்டனர். ஒரு குடும்பத்தின் இடஒதுக்கீட்டு உரிமை, சிலரே படிக்கவல்ல எழுத்தில் அடங்கியிருந்தது. தமிழ்நாட்டுப் பழைய நிலக் கணக்குகளின் குழி, மா, காணி, முந்திரிக் குறியீடுகளின் நிலையும் இதுவே. திரையில் அவை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு என்று அறிந்தவர் ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.