மூக்கு அறுவையில் சிரைவழி மயக்கமுறையும் நோயாளியின் மீட்சியும்: ஜவ்வாது மலைப் பயணத்தை முன்வைத்து

அறுவைக்குப் பின் கண்விழித்தலும் வீடு திரும்பத் தகுதி பெறுதலும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு ஜவ்வாது மலை மக்களிடத்துத் தெளிவாகப் புலப்படுகிறது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மூக்கின் நடுத்தண்டு வளைவுக்கோ சைனஸ் நோய்க்கோ அறுவை வேண்டுவோர் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்கி வருவர். திரும்புகையில் போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ வளைந்தேறும் மலைச்சாலையைக் கடத்தல் வேண்டும். நலமுடையோரையே குமட்டச் செய்யும் சாலை அது.

மூக்கு அறுவையின் இயல்பு இச்சிக்கலை மிகுவிக்கிறது. தொண்டைவழி இறங்கும் குருதி இரைப்பையைச் சேர்ந்து வாந்தியைத் தூண்டும். மூக்கினுள் பொதிப்பு வைக்கப்பட்டிருப்பின், விழித்தெழுபவர் வாயால் மட்டுமே மூச்சுவிட நேர்ந்து பதற்றமடைவார். வாந்தியெடுக்கும்போது ஏறும் அழுத்தம் குருதிக்கசிவை மீண்டும் தொடங்கிவிடக்கூடும்.

முழுச் சிரைவழி மயக்கமுறையில் வாயு மருந்துக்கு மாற்றாகப் புரோபோஃபாலும் ரெமிஃபென்டனிலும் எந்திரப் பம்பின் வழியே இடைவிடாது செலுத்தப்படுகின்றன. 1986இல் பயன்பாட்டுக்கு வந்த, பால்போன்ற புரோபோஃபாலை உருவாக்கிய ஜான் பேர்டு கிளென் ஒரு கால்நடை மருத்துவர். 2018இல் லாஸ்கர் விருது பெற்றவர். இம்மருந்து குமட்டலைத் தணிக்கும் இயல்பும் உடையது. செவோஃபுளூரேன் போன்ற வாயுக்களோடு ஒப்பிடுகையில் அறுவைக்குப் பிந்தைய வாந்தி குறைவதே இம்முறையின் உறுதியான பயன். அறுவைக்களம் தெளிவாகும் என்னும் கூற்றை அவ்வளவு உறுதியாக ஏற்றல் இயலாது. 2016ஆம் ஆண்டின் கோக்ரேன் மறுஆய்வில் 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் ஒரு புள்ளிக்கும் குறைந்த மேம்பாடே காணப்பட்டது. குருதியிழப்பில் வேறுபாடு புலப்படவில்லை.

ரெமிஃபென்டனில் குருதியிலும் திசுக்களிலும் உள்ள நொதிகளால் சிதைவதால், எவ்வளவு நேரம் செலுத்தப்பட்டிருப்பினும் நிறுத்திய மூன்று நான்கு நிமிடங்களில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. விரைந்து விழிப்பதற்குக் காரணமான இப்பண்பே வலியையும் விரைந்து வரவழைக்கும். ஆதலின் நீடித்துச் செயற்படும் வலிநீக்கி முன்னரே தரப்படல் வேண்டும். சிரைக்குழாய் நழுவினால் நோயாளி அறுவையினிடையே உணர்வு பெறும் ஆபத்தும் உண்டு. எனவே ஊசியேறிய கை கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்படுகிறது. மூளை மின்னலைக் கண்காணிப்பும் பரிந்துரைக்கப்படுகிறது.

மீட்பு அறையிலிருந்து நோயாளியை அனுப்ப ஆல்ட்ரெட் 1970இல் வகுத்த பத்துப் புள்ளி அளவுகோல் அசைவு, மூச்சு, குருதியோட்டம், உணர்வு, நிறம் ஆகியவற்றை மட்டுமே வினவுகிறது. செல்லும் சாலையின் தன்மையோ, இரவில் குருதி கசிந்தால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதோ அதில் இடம்பெறவில்லை. மலையூர் நோயாளி ஒன்பது புள்ளிகள் பெற்ற பின்னரும் அன்றிரவு சமவெளியிலேயே தங்குதல் தகும்.