மண்ணுக்குள் ஒரு மதுக்கூடம்

கிழக்கு ஜார்ஜியாவின் ககேத்திப் பகுதியில் திராட்சை பயிரிடும் வீடுகளில் ஒரு மதுக்கூடம் இருப்பது வழக்கம். மரானி என்பார்கள். தரையில் வட்ட வட்டமாகத் தெரிபவை க்வெவ்ரி எனும் சுடுமண் தாழிகளின் வாய்கள். உடல் முழுவதும் மண்ணுக்குள். கோடைச் சூடும் பனிக்காலக் குளிரும் மதுவைத் தாக்காமல் காப்பது அந்த மண்தான்.

இலையுதிர் காலத்தில் உறவும் அக்கம்பக்கமும் கூடிப் பழம் பறிப்பார்கள். சுவரோரம் உள்ள மரத்தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் சேர்ந்தே தாழிக்குள் போகும். பழத்தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டே நொதிக்க வைத்துவிடும். மேலே மிதந்து வரும் சக்கையை நாளுக்குப் பலமுறை கோலால் அமிழ்த்த வேண்டும். பொங்குவது அடங்கியதும் வாயை மூடி, ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள். விதைகள் கூம்பிய அடிப்பகுதியில் ஒதுங்குவதால் கசப்பு மிகுவதில்லை. வெள்ளைத் திராட்சையான ருகாட்சிதெலி, தோலோடு ஊறிச் செம்பொன் நிறம் பெறுகிறது. இந்த நிறத்துக்காகவே இங்கே வரலாம்.

காலியான தாழியைத் தேய்த்துக் கழுவுவது கடும் உழைப்பு. அதில் அலட்சியம் காட்டினால் அடுத்த ஆண்டு மது கெட்டுவிடும்.

ஜார்ஜியாவில் சுமார் 8,000 ஆண்டுப் பழமையான பானை ஓடுகளில் திராட்சை மதுவின் தடயம் கிடைத்ததை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சக்கையும் வீணாவதில்லை, அதை வடித்து சாச்சா என்னும் சாராயம் எடுக்கிறார்கள்.