நாயும் உடன் போனது



வளர்த்த நாய் இறந்துபோனால் அழலாமா? அதைச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடலாமா? பலர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. “ஒரு நாய்க்கா இவ்வளவு அழுகை?” என்று யாரும் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

நம் ஜவ்வாது மலையில் நாய் வீட்டுக்கு அழகு சேர்க்க வளர்ப்பது அல்ல. சாமை விளைந்து நிற்கும்போது காட்டுப்பன்றி வராமல் இரவெல்லாம் கொல்லையில் விழித்திருப்பது அதுதான். ஆடு மேய்க்கப் போகிறவரோடு காலையில் போய், பொழுது சாய அவரோடு திரும்புவதும் அதுதான். அந்தக் காலடி ஒருநாள் நின்றுபோனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

இந்தத் துயரம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரன் ஒருவனுக்காக நட்ட கல் அது. அதில் அவனருகே அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மன்னன் பெயர் உள்ள கல்லிலேயே ஒரு நாயின் பெயரையும் எழுத நம் முன்னோர் வெட்கப்படவில்லை.

திருவிவிலியமும் வெட்கப்படவில்லை. தோபித்து நூலில் இளைஞன் தோபியா தொலைதூரப் பயணம் புறப்படுகிறான். வானதூதர் இரபேல் தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அவனுக்கு வழித்துணையாகிறார். நாயும் உடன் போனதாக 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. வீடு திரும்பும்போது அது பின்னே வந்ததாக 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. நடுவில் அந்த நாய் என்ன செய்தது? ஒன்றும் எழுதப்படவில்லை. கூடப் போனது, கூட வந்தது, அவ்வளவுதான். அதையும் விட்டுவிடாமல் இறைவார்த்தை குறித்து வைத்திருக்கிறது. நாம் இழந்து தவிப்பதும் அந்தக் கூட இருந்த உயிரைத்தானே!

ஐந்து சிட்டுக்குருவிகள் இரண்டு காசுக்கு விற்கப்பட்டாலும் அவற்றில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் கற்பித்தார். விலங்குகள் கடவுளின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்பது திருஅவையின் மறைக்கல்வி. மனிதருக்கே உரிய அன்பை விலங்குக்குத் திருப்பிவிடக் கூடாது என்றும் அதே மறைக்கல்வி எச்சரிக்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்வோம்.

“நம்ம நாயை மோட்சத்தில் பார்ப்போமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதைப் பற்றித் திருஅவை விசுவாசக் கோட்பாடாக எதையும் வரையறுக்கவில்லை. ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளி பெற்று உருமாறித் தனக்குரிய இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கையை நமக்குத் தந்தார். ஆகவே, “அதைப் படைத்தவர் அதை மறக்கமாட்டார்” என்று பிள்ளைகளிடம் துணிந்து சொல்லலாம். “எங்கேயோ ஓடிப்போய்விட்டது” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடக்கத் திருப்பலி மனிதருக்கு உரியது. ஆனால் நாயைக் கொல்லை ஓரத்தில் மரியாதையாகப் புதைத்து, குடும்பமாக நின்று, அதைத் தந்த ஆண்டவருக்கு நன்றி சொல்ல எந்தத் தடையும் இல்லை. அதன் பெயரைச் சொல்லியே நன்றி கூறுங்கள். “இன்னும் முன்னாலேயே மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கலாமே” என்று மனம் குத்தினால், அதையும் அவரிடமே ஒப்படையுங்கள். மலைப்பாதையின் தூரமும் கையில் இருந்த காசும் அவருக்குத் தெரியும்.

அண்டை அயலாருக்கு ஒரு சொல். “வேறு குட்டி வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அவசரப்பட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம். தனியாக வாழும் முதியவருக்கு அந்த நாய்தான் பேச்சுத்துணையாக இருந்திருக்கும். மாலையில் அவர் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தோபியாவின் நாய் போல, பேசாமல் கூட இருந்தாலே போதும்.

துயரப்படுவோரே, ஒன்றை மறக்க வேண்டாம். அந்தப் பாதையில் நாய் மட்டும் நடக்கவில்லை. இரபேல் என்னும் பெயருக்குக் ‘கடவுள் குணமளிக்கிறார்’ என்பது பொருள். நம் நாய் நம்மைவிட்டுப் பிரிந்துவிட்டது. குணமளிக்கிற கடவுள் நம்மோடு நடந்துகொண்டிருக்கிறார்.

மன்றாடுவோமாக: படைப்பனைத்தின் ஆண்டவரே, எங்கள் வாசலைக் காத்த சிற்றுயிருக்காக உமக்கு நன்றி. அதை உமது கையில் விடுகிறோம். வெறுமையாகிப் போன எங்கள் வீட்டில் நீரே தங்கியருளும். ஆமென்.