அடையாற்று வெள்ளமும் ஒரு கழித்தல் கணக்கும்

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அரை மீட்டர் கூட இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 49 செ.மீ. உயரம் நிற்கும் நீர் 49 கோடி லிட்டர். அது எங்கும் தேங்காமல் ஒரு நாள் முழுவதும் சீராக வடிந்தால், நொடிக்குச் சுமார் 200 கன அடி.

அந்த வெள்ளம் என்றதும் எல்லோரும் சொல்வது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட 29,000 கன அடியைத்தான். ஆனால் அந்த உபரி நீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலேயே உள்ளன. அவை மூழ்கியது ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளும் நிலங்களும் வடித்த நீரால்.

இனி உலகம் மேலும் வெப்பமடைந்தால் இந்த ஆறு என்னவாகும்? வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆகவே பெருமழை மேலும் வலுக்கக் கூடும். மழை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுதான் வெள்ளமும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: 30 செ.மீ. மழை பெய்கிறது. மண்ணும் ஏரிகளும் 10 செ.மீ. நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஆற்றுக்கு வருவது 20. மழை பத்தில் ஒரு பங்கு கூடி 33 ஆனால், ஆற்றுக்கு வருவது 23. அதாவது வெள்ளம் 15 விழுக்காடு கூடிவிட்டது! இதற்கிடையே ஏரிகளைத் தூர்த்து மனை போட்டதால் 5 செ.மீ. மட்டுமே தங்குகிறது என்று வையுங்கள். அப்போது வருவது 28. வெள்ளம் 40 விழுக்காடு மிகுந்துவிடும். அறிஞர்கள் கணிப்பொறியில் அமைக்கும் கணித மாதிரியின் உயிர்நாடி இந்தக் கழித்தல்தான். சரிவு, மண்வகை, ஏரியின் கொள்ளளவு, கடல் ஓதம் ஆகியவற்றை அதனுடன் சேர்ப்பார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உலகத் தட்பவெப்ப மாதிரிகள் பூமியைப் பெருங்கட்டங்களாகப் பிரிக்கின்றன. பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கி.மீ. அடையாற்றின் நீளமோ ஏறத்தாழ 42 கி.மீ.தான், ஆறு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். எனவே பெரிய மாதிரி தரும் மழையைச் சிறு வட்டாரத்துக்கு ஏற்பப் பகுத்துத் தரவேண்டும். ஒவ்வொரு மாதிரியும் ஒவ்வொரு விடை கூறும். ஆகவே முடிவை ஒற்றை எண்ணாகக் கூறாமல், இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை என்றே கூறுவர். அதுதான் நேர்மை.

2015 மழையையே எடுத்துக்கொள்வோம். 2016இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று, அம்மழையில் புவி வெப்பமடைதலின் பங்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட இயலவில்லை என்றே கூறியது. வங்கக் கடலின் மேற்குப் பகுதி அதற்கு முந்தைய 40 ஆண்டுகளில் அவ்வளவாக வெப்பமடையவில்லை என்பது அது காட்டிய ஒரு காரணம். வருங்காலத்துக்கும் இதுவே பொருந்தும் என்று அது சொல்லவில்லை.

மாதிரி சரியா என்று எப்படி அறிவது? நடந்து முடிந்த மழையை அதற்குக் கொடுத்து, நடந்த வெள்ளத்தைச் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். நீரளவுக் கருவி இல்லாத தெருக்களில் இதற்கு உதவுவது சுவரில் நீர் விட்டுச் சென்ற கறைதான். அடுத்த முறை உங்கள் தெருவில் வெள்ளம் வடிந்ததும், வெள்ளையடிக்குமுன் தரையிலிருந்து கறையின் உயரத்தை அளந்து, நாளும் நேரமும் சேர்த்து எழுதி வையுங்கள்.