உங்களுக்குத் தெரியுமா? பென் டிரைவில் தொடங்கும் விண்டோஸ் 7, சில லேப்டாப்களில் அதே பென் டிரைவை அடையாளம் காணாது!

2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்செட் கொண்ட கேமிங் லேப்டாப்பில், பழைய விளையாட்டுகளுக்காக விண்டோஸ் 7-ஐ பென் டிரைவிலிருந்து நிறுவ முயன்றால், சிடி/டிவிடி டிரைவர் இல்லை என்று சொல்லி நிறுவல் நின்றுவிடும். உண்மையில் இல்லாதது யுஎஸ்பி டிரைவர். 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. ஸ்கைலேக்கோ பழைய யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே நீக்கிவிட்டது. 2011-இல் வரையறுக்கப்பட்ட என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கும் இதே கதிதான். ஆகவே லேப்டாப் பழுது என்று முடிவுகட்டுவது தவறு.

‘பென் டிரைவிலிருந்துதானே நிறுவல் தொடங்கியது, பிறகு எப்படித் தெரியாமல் போகும்?’ என்று கேட்கலாம். தொடக்கத்தில் அதைப் படிப்பது லேப்டாப்பின் பயாஸ். விண்டோஸ் பொறுப்பேற்றதும் அதன் சொந்த டிரைவர்தான் படிக்க வேண்டும். அதனால் நிறுவலைத் தொடங்கும் பூட்.விம், வட்டில் பதியும் இன்ஸ்டால்.விம் ஆகிய இரு கோப்புகளிலும் டிரைவர்களை முன்கூட்டியே சேர்ப்பதே சரியான வழி. அத்துடன் எல்லாம் முடிந்தது என்றும் எண்ணக் கூடாது. விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விளையாட்டுக்கு மட்டும், இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துவதே பாதுகாப்பு.